வலப்பக்கமே இழுத்த கார்

ஆடி பிறந்தால் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும். கருவடிக்குப்பம் போகும் வழியில் என் அக்கா கூட்டித் துடைக்கும் மண்டபமும் அப்படித்தான். போன ஆடியின் முதல் ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னாள்.

“மண்டபத்துல பெரிய பெரிய ஆம்பளைங்கலாம் பொம்ம காரு வுட்டுனு இருக்காங்கடி. ஒருத்தரு காரு கவுந்துச்சுன்னு அழாத கொறையா நிக்கிறாரு. நீயும் ஒண்ணு பொட்டிக்குள்ள வச்சினு தூசி தட்டினு கெடக்கறியே, அத்த தூக்கினு வாயேன்.”

என்னிடம் அப்படி ஒரு கார் இருந்தது உண்மை. நான் உழவர்கரைப் பக்கம் ஒரு சிறிய தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருக்கிறேன். வண்டி உதிரிபாகங்களை அளந்து, அளவு சரியில்லாததை ஒதுக்கி வைப்பது என் வேலை. பக்கத்து மேஜைக்காரர் குடும்பத்தோடு பிரான்சுக்குக் குடிபோனபோது, பெட்டியில் இடமில்லை என்று தன் ரிமோட் காரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். முழங்கை நீளம் இருக்கும். துப்பாக்கி மாதிரியான ரிமோட்டில் விசையை அழுத்தினால் ஓடும், பக்கத்திலுள்ள சிறு சக்கரத்தைத் திருகினால் திரும்பும். கடையில் விற்கும் பொம்மை இல்லை அது. ஒவ்வொரு சக்கரத்தின் சாய்வையும் ஒவ்வொரு ஸ்பிரிங்கின் இறுக்கத்தையும் தனித்தனியாக மாற்றலாம். அதற்காகவே எனக்கு அதைப் பிடித்திருந்தது. ஓட்ட இடம்தான் இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவள் நான் ஒருத்திதான். அப்பாவும் அம்மாவும் மில் தொழிலாளிகள். மில் மூடியபோது அக்கா மூன்றாம் வகுப்பில் இருந்தாள், அதோடு நின்றாள். நான் அப்போது தொட்டிலில். மெக்கானிக்கல் டிப்ளமோ வரை என்னைக் கொண்டுபோனதில் பெரும்பங்கு அக்காவின் கைகளுக்கு. இதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். “பரீட்ச எழுதனது நானா நீயா?” என்பாள். ஆனால் படித்தவள் என்ற கர்வம் எனக்கு உண்டு. அதை நான் மறைத்ததும் இல்லை. இந்தக் கதையில் அந்தக் கர்வம் ஒரு மாதம் முழுக்கத் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தது.

அடுத்த ஞாயிறு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, மண்டபத்தின் சாம்பல் நிறக் கார்பெட்டின்மேல் பிளாஸ்டிக் குழாய்களை வளைத்துப்போட்டுப் பாதை அமைத்திருந்தார்கள். பதினைந்து பேர் இருப்பார்கள். குழுவை நடத்துகிறவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். எல்லோரும் அவரைப் பிரெஞ்சில் முசியே, அதாவது ஐயா, என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பந்தயம் தொடங்க அவர் விசில் ஊதமாட்டார். புறப்படு என்பதற்குப் பிரெஞ்சில் “அலே!” என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெளியே அம்மன் கோயில் ஒலிபெருக்கி எவ்வளவு அலறினாலும் அந்தச் சத்தம் கேட்கும்.

முதல் ஓட்டத்திலேயே என் கார் திருப்பத்தில் கவிழ்ந்தது. இரண்டாவது திருப்பத்திலும் கவிழ்ந்தது. எனக்குப் பக்கத்து மேஜையில் கோரிமேட்டு மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு டாக்டர் தன் காரைப் பிரித்துக்கொண்டிருந்தார். என் காரை எட்டிப் பார்த்தார்.

“கார்பெட் ரொம்பப் புடிக்குதுங்க. ரோட்டுல வழுக்கும், இங்க கடிக்கும். டயரோட வெளி ஓரத்துல மட்டும் பசைய சுத்தி வுடுங்க. காஞ்சா வழவழன்னு ஆயிடும், கடிக்காது.”

தன் பசையையே கொடுத்தார். நான்கு டயரையும் அவரே கையில் பிடித்துச் சுற்ற, நான் பசை விட்டேன். அதற்குப் பிறகு கார் கவிழவில்லை. முன்பின் தெரியாத ஒருத்திக்கு, அதுவும் போட்டிக்கு வந்தவளுக்கு, இதை ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும்? இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

போட்டியின் விதி எளிமையானது. ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து நிமிட ஓட்டங்கள். மாதம் முழுக்க ஓட்டியதில் ஒவ்வொருவரின் சிறந்த ஓட்டத்தை மட்டும் கணக்கில் எடுத்து, கடைசி ஞாயிறு மதியம் முதல் பத்துப் பேரை இறுதிப் பந்தயத்தில் விடுவார்கள். அந்தப் பத்தில் நான் இருக்கவேண்டும். ஆசையாக இல்லை, பிடிவாதமாகவே நினைத்தேன். அக்கா துடைப்பத்தோடு ஓரமாக நின்று பார்க்கிற மண்டபத்தில், அவள் படிக்கவைத்தவள் பத்துக்குள் வரவேண்டும்.

வரவிடாமல் செய்தது ஒரே ஒரு கோளாறு. கடைசித் திருப்பத்தைத் தாண்டி வரும் நீளமான நேர்ப்பாதையில் என் கார் வலப்பக்கம் இழுத்தது. கொஞ்சம்தான். ஆனால் அந்த வேகத்தில் கொஞ்சம் என்றால் ஓரத்துப் பலகையில் போய் மோதுவது.

சமையல் மேடை போடுகிறவரிடம் வாங்கிய ஒரு கிரானைட் துண்டு வீட்டில் இருந்தது. அதன்மேல் காரை வைத்து அளந்தேன். தரைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர், நான்கு மூலையிலும் ஒரே அளவு. முன்சக்கரங்களின் சாய்வு இரண்டு பக்கமும் ஒன்றே. இடப்பக்க எடைக்கும் வலப்பக்க எடைக்கும் ஒரு கிராம்கூட வித்தியாசமில்லாமல் பேட்டரியை நகர்த்தி ஒட்டினேன். எங்கள் வீட்டுச் சிமெண்ட் தரையில் விட்டால் கயிறு பிடித்த மாதிரி நேராகப் போனது. மண்டபத்தில் விட்டால் வலப்பக்கம்.

தரை சாய்ந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தது. அதற்குச் சோதனை இருக்கிறது. தரைதான் காரணம் என்றால், போகும்போது வலப்பக்கம் இழுக்கும் கார் அதே தடத்தில் திரும்பி வரும்போது இடப்பக்கம் இழுக்கவேண்டும். இரண்டு தடவையும் வலப்பக்கமே இழுத்தால் குற்றம் காருடையது. மதிய இடைவேளையில் ஓட்டிப் பார்த்தேன். போகும்போது வலப்பக்கம். வரும்போதும் வலப்பக்கம். ஆக, என் கார்தான். எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. அதுதான் என் தப்பு.

அந்த வாரம் முழுக்கக் காரைப் பிரித்தேன். ஒரு திருகாணி விடவில்லை. அச்சுகளில் கார்பெட் நூல் சிக்கிச் சுற்றியிருந்தது. அக்கா தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, பேன் எடுப்பது போல ஒவ்வொரு நூலாக எடுத்துப்போட்டாள்.

“டிப்ளமோ படிச்சுட்டு இதுக்கு ஊக்கு கெடையாதா ஒங்கிட்ட?” என்றாள்.

“நீ சும்மா எடு.”

“எடுக்கறேன், எடுக்கறேன். மகாராணி காரு.”

ஊக்கினால் நூல் போனது, இழுப்பு போகவில்லை. மூன்று ஞாயிறு முடிந்தபோது நான் பதினான்காவது இடத்தில் இருந்தேன். ஓட்டத் தெரிந்தவர்களைக் கவனித்துப் பார்த்தேன். அவர்கள் கார்களும் அந்த இடத்தில் லேசாக ஆடத்தான் செய்தன. ஆனால் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் பாகங்களைச் சரியாகப் பூட்டத் தெரியவில்லை என்று அர்த்தம். அளந்து பார்ப்பதே வேலையாக இருக்கிறவள் அதை எப்படி வாயைத் திறந்து சொல்வாள்?

அந்த மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் போய்விட்டார்கள். அக்கா பெருக்கிக்கொண்டிருந்தாள். நான் நேர்ப்பாதையில் கன்னம் கார்பெட்டில் படக் குப்புறப் படுத்து, கண்ணைத் தரை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னாடி தேடற? தோடு வுழுந்துச்சா?”

“கார் இங்க வந்தா இழுக்குதுக்கா. வலப்பக்கமே.”

“எங்க, அந்த ஜாயிண்ட்டுலயா?” அக்கா துடைப்பத்தை நிறுத்தவில்லை. “அங்க தொடப்பமே இழுக்கும். இந்தத் துண்டுல வாசப்பக்கம் தள்ளுனா வழுக்கினு போவும். அந்தத் துண்டுல மேடப்பக்கம் தள்ளுனாத்தான் போவும். நான் அத்த திருப்பிப் போட்டிருக்கேன்ல.”

எழுந்து உட்கார்ந்தேன். கார்பெட் ஒரே விரிப்பு இல்லை, பக்கத்தில் பக்கத்தில் போட்ட நீளத் துண்டுகள். ஒரு துண்டை உள்ளங்கையால் வாசல் நோக்கித் தடவினேன், பூனை முதுகு போல வழவழத்தது. அடுத்த துண்டை அதே பக்கம் தடவினேன், சொரசொரத்தது. இழை எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

சக்கரங்கள் தடையில்லாமல் சுற்ற மோட்டாரின் பல்சக்கரத்தை விலக்கிவிட்டுக் காரைக் கையால் தள்ளினேன், இடச்சக்கரங்கள் ஒரு துண்டிலும் வலச்சக்கரங்கள் மற்றதிலும் இருக்கும்படி. இடச்சக்கரங்கள் இழையோடு போயின. வலச்சக்கரங்கள் எதிர் இழையில் மாட்டின. கார் வலப்பக்கம் திரும்பியது. அந்தக் கோடியிலிருந்து திரும்பத் தள்ளினேன். இப்போது கார் திரும்பி நிற்பதால் துண்டுகளும் இடம் மாறிவிட்டன, இழையும் மாறிவிட்டது. மறுபடியும் வலச்சக்கரங்களுக்குத்தான் எதிர் இழை. எந்தப் பக்கம் போனாலும் வலப்பக்கம்தான். என் சோதனையில் பிழை இல்லை. தரை சாய்வதைத் தவிர வேறெதுவும் சாயும் என்று நான் நினைக்காததுதான் பிழை.

சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் கேட்கத் தோன்றியது.

“ஏன்கா திருப்பிப் போட்ட?”

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். பிறகு மேடையின் மரப்படியை ஒரு பக்கம் தூக்கிக் காட்டினாள். கார்பெட் துண்டின் முனையில் முறம் அகலத்துக்கு ஒரு சிவப்புக் கறை.

“ஆரத்தி. மாப்ள அழைப்புக்குத் தட்டு தூக்கினு வாசப்பக்கம் போனேன். இடுப்புல போனு அடிச்சுது. நீதான். ரிசல்ட்டு வந்துடுச்சுக்கா, பாஸாயிட்டேன், பர்ஸ்ட் கிளாஸுன்னு கத்தற. தட்டு நழுவிடுச்சு.”

எனக்கு அந்தச் சத்தம் நினைவிருந்தது. போனில் ‘தடால்’ என்று கேட்டது. ‘இன்னாக்கா அது’ என்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல, நீ பேசு, நீ பேசு” என்றாள். நான் பேசிக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரம்.

“அப்பறம் சோப்பு போட்டுத் தேச்சேன். தேய்க்கத் தேய்க்க ரத்தமா செவக்குது. பயந்துட்டேன். கல்யாணம் முடிஞ்சதும் துண்ட அப்படியே தல மாத்திப் போட்டுட்டேன். கறை படிக்கு அடியில போயிடுச்சு.”

மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே செய்து காட்டினார்கள். அவளுக்குச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

“முசியேகிட்ட சொல்லிடாதடி,” என்றாள் அக்கா. “மேனேஜர் காதுக்குப் போயிடும். எனக்கு முன்ன இருந்தவள, கார்பெட்டுல கற்பூரம் வுழுந்து ஓட்ட போட்டுட்டான்னுதான் வேலய வுட்டு நிறுத்துனாரு.”

சொல்லமாட்டேன் என்றேன். அந்தக் கறையைப் பார்த்த பிறகு வேறென்ன சொல்வது?

கடைசி ஞாயிறு காலை, இழுப்புக்காகச் செய்திருந்த ஒட்டுவேலைகளையெல்லாம் எடுத்துவிட்டு, காரை இரண்டு பக்கமும் சமமாகப் பூட்டி வைத்தேன். கடைசித் திருப்பத்திலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, நான்கு சக்கரமும் ஒரே துண்டில் இருக்கும்படி ஓட்டினேன். நேராகப் போனது. ஐந்து நிமிடம் முடிந்ததும் முசியே பட்டியலைப் படித்தார். நான் பத்தாவது.

டாக்டர் பதினொன்றாவது. கடைசிச் சுற்றில் அந்த இணைப்பின்மேல் வந்து பலகையில் மோதியிருந்தார். காரிலிருந்து கழன்ற முன்சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, “சனியன் புடிச்ச காரு. எப்படிப் பூட்டினாலும் இழுக்குது,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எனக்கு மட்டும்தான் கேட்டது.

சாப்பாட்டு நேரத்தில் அக்காவும் நானும் சமையல்கட்டில் உட்கார்ந்தோம். தெருமுனைக் கோயிலில் ஊற்றிய கூழை அவள் ஒரு தூக்குவாளியில் வாங்கி வந்திருந்தாள்.

“எடம் கெடச்சுதுல்ல? அப்பறம் இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சினு இருக்க?”

“டாக்டருக்கு எடம் போயிடுச்சுக்கா. அவரு காருல கொற ஒண்ணுமே இல்ல. அவருக்குத் தெரியல, எனக்குத் தெரியும். அதான்.”

“பசை குடுத்தாரே, அவரா?”

“அவருதான்.”

அக்கா கூழைக் குடித்து முடித்தாள். தூக்கைக் கழுவிக் கவிழ்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள். நான் பின்னால் ஓடினேன். அதற்குள் அவள் மண்டபத்தின் நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தாள்.

“முசியே, ஒங்க காருங்க மேல தப்பில்ல. இந்தத் துண்ட நான் தல மாத்திப் போட்டிருக்கேன். அதான் இழுக்குது. நாலு பேரு வந்து புடிச்சீங்கன்னா சரியா போட்டுடலாம்.”

“ஏம்மா மாத்திப் போட்ட?” என்றார் முசியே.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஆரத்தி, போன், சோப்பு. என்னைக் கையால் காட்டி, “இவ பாஸான அன்னிக்கு,” என்றாள். நான் குனிந்துகொண்டேன். பிறகு நிமிர்ந்து, “காலைல நான் மட்டும் தெரிஞ்சு ஓட்டினேன். அந்த ஓட்டம் கணக்கில்ல. எல்லாருக்கும் திரும்ப வையுங்க,” என்றேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாததாக இருந்தது. கையில் இருந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

சத்தம் கேட்டு மேனேஜர் ஆபீஸ் அறையிலிருந்து வந்தார். அதற்குள் குழாய்களை ஒதுக்கி, துண்டைச் சுருட்டி, ஏழெட்டுப் பேராகத் தலை மாற்றி விரித்திருந்தார்கள். கறை வாசல் பக்கம் நேர்ப்பாதையின் கோடியில் பளிச்சென்று கிடந்தது. மேனேஜர் அதைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எத்தினி நாளா இருக்கு இது?”

“ரெண்டு வருசமா சார்.”

“ரெண்டு வருசமா எந்தக் கல்யாணக்காரன் கண்ணுலயும் படல?”

“படாத மாதிரிதான் சார் போட்டிருந்தேன்.”

மேனேஜர் தாடையைச் சொறிந்தார். “ஆவணி மொத முகூர்த்தத்துக்கு முன்ன பழையபடி திருப்பிப் போட்டுடு. மறந்துடாத,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அக்கா விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

மறு ஓட்டத்துக்கு முன்னால் குழாய்களைப் பழையபடி போட்டு, முசியே எல்லோரையும் ஒரு சுற்று வெள்ளோட்டம் விடச் சொன்னார். “அலே!” பதினைந்து கார்களும் கடைசித் திருப்பத்தைத் தாண்டி நேர்ப்பாதைக்குள் வந்தன. என் கார் நேராக வந்தது. மற்ற கார்கள் எல்லாம், முசியேயின் காரும்தான், ஒன்றுபோல இடப்பக்கம் சாய்ந்து குழாய்மேல் போய் ஏறின.

டாக்டர்தான் முதலில் சிரித்தார்.

“அப்ப எல்லாரும் அந்த இழுப்ப சரிக்கட்ட ரிமோட்டுல இடப்பக்கம் திருகி வச்சினுதான் ஓட்டியிருக்கோம்! ஒருத்தராவது சொன்னீங்களாய்யா?”

“நீங்க சொன்னீங்களா டாக்டர்?” என்றார் முசியே.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ரிமோட்டைத் திருகினார்கள். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். தன் கறை ஒன்றுதான் கறை என்று ஒரு மாதிரி நின்றவள் அவள். பெரிய மனிதர்கள் பதினாலு பேர் ஆளுக்கொன்று ஒளித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டாள்.

மறு ஓட்டத்தில் டாக்டர் ஐந்தாவதாக வந்தார். நான் மறுபடியும் பத்தாவது, இந்தத் தடவை பதினொன்றாவதாக வந்தவருக்கும் எனக்கும் ஒரு கார் நீளம்தான் இடைவெளி. இறுதிப் பந்தயத்தில் கடைசி ஆளாகப் புறப்பட்டேன்.

எனக்கு அதுவரை ஒரு தொல்லை இருந்தது. நேர்ப்பாதையின் கோடியில் விசையிலிருந்து எந்த இடத்தில் விரலை எடுப்பது என்று தெரியாது. சாம்பல் கார்பெட்டில் எல்லா இடமும் ஒன்றுபோல இருக்கும். முன்னால் எடுத்தால் நேரம் போகும், பின்னால் எடுத்தால் பலகையில் மோதும். அன்றைக்கு அந்தக் கோடியில் முறம் அகலத்துக்குச் சிவப்பு இருந்தது. அதன்மேல் முன்சக்கரம் ஏறியதும் விரலை எடுத்தேன். கார் அமைதியாகத் திரும்பியது. அடுத்த சுற்றிலும் சிவப்பு வந்ததும் விரல். அதற்கடுத்த சுற்றிலும். கண் தானாக அதைத் தேடியது.

ஏழாவதாக வந்தேன். கோப்பை மூன்று பேருக்குத்தான். காரைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். அவள் காரைத் தலைகீழாகத் திருப்பி, வளையலிலிருந்து ஊக்கைக் கழற்றி, அச்சில் சுற்றியிருந்த நூலை எடுக்க ஆரம்பித்தாள். சாம்பல் நூல்களுக்கு நடுவே நாலைந்து சிவப்பு நூலும் வந்தது.

“பாரு,” என்று விரல் நுனியில் வைத்துக் காட்டினாள். “எவ்ளோ தேச்சேன் அன்னிக்கு. நீ இப்ப கொஞ்சம் எடுத்துட்ட.”